கல்விக்கண் திறந்த பெருந்தலைவர்

முன்னுரை

பருத்திக்கும் மிளகாய் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் பெயர் பெற்றது நம் விருதுநகர். ஆயினும் வெளியூர் சென்று ஊர்ப் பெயரைச் சொன்னால், எவரும் வற்றலைப் பற்றியோ எண்ணெயைப் பற்றியோ கேட்பதில்லை. காமராஜர் பிறந்த ஊரா என்றுதான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது நம் உள்ளம் பூரிக்கிறது. அவர் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு தந்தார், எளிமையாக வாழ்ந்தார் என்பதெல்லாம் நாம் சிறு வகுப்பு முதலே படித்து வருபவை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15ஆம் நாள், கல்வி வளர்ச்சி நாளன்று, மேடையேறிப் பேசியும் வருகிறோம்.

இவ்வாண்டு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. குழந்தைகளின் உரிமை என்று இன்று உலகமே பேசுகிறது. அந்தச் சொல் நம் கிராமங்களை எட்டாத காலத்தில், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவர், பிள்ளைகளுக்காக இத்தனை செய்ய எப்படி அறிந்தார்? விடையை அவருடைய வாழ்க்கையிலேயே தேடிப் பார்த்தேன். அதையே இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், விருதுபட்டி என வழங்கிய நம் ஊரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயரிட்டனர். தாயாரோ ராஜா என்றே செல்லமாக அழைத்து வந்தார். இரண்டும் கலந்து காமராஜ் என்னும் பெயர் நிலைத்தது. நாகம்மாள் என்ற தங்கையும் பிறந்தாள்.

தந்தையார் தேங்காய் வணிகம் செய்தவர். பெருஞ்செல்வர் அல்லர்; பசியறியாத குடும்பம். அந்த நிலையும் நீடிக்கவில்லை. காமராஜருக்கு ஆறு வயதானபோது தந்தையார் காலமானார். சிவகாமி அம்மையார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, அந்தப் பணத்தை ஒரு வணிகரிடம் போட்டு, அதில் வந்த சிறு வட்டியைக் கொண்டு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். பாட்டி பார்வதி அம்மாள் உற்ற துணையாக இருந்தார்.

சிறுவன் காமராஜ் முதலில் ஏனாதி நாயனார் வித்யாலயத்திலும், பின்னர் க்ஷத்திரிய வித்யாசாலையிலும் படித்தான். க்ஷத்திரிய வித்யாசாலையின் வரலாறு நாம் அறிந்து பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஊர் வணிகர்கள் தங்கள் வாணிகத்திலிருந்து மகமை தந்தார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியைத் திரட்டி விற்று, பள்ளிச் செலவுக்கு உதவினார்கள். ஏழைப் பிள்ளைகள் அங்கே சம்பளமின்றிப் படிக்க முடிந்தது. ஊர் கூடினால் பிள்ளைகள் படிக்கலாம் என்ற பாடத்தைக் காமராஜர் புத்தகத்தில் கற்கவில்லை. அந்தப் பள்ளியின் பலகையில் உட்கார்ந்தே கற்றார்.

அவருடைய பள்ளி நாள்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். விநாயக சதுர்த்தியன்று பள்ளியில் பூசை நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அளவு காசு கொடுத்திருந்தார்கள். பூசை முடிந்து பொரியும் பழமும் வழங்கியபோது, பெரிய பையன்கள் முண்டியடித்து நிறைய வாங்கிக்கொண்டார்கள். ஒதுங்கி நின்ற காமராஜுக்கு மிகக் கொஞ்சமே கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு குறைவாக வாங்கி வந்தாய் என்று பாட்டி கடிந்துகொண்டார். எல்லாரிடமும் ஒரே அளவு காசு வாங்கிய வாத்தியார் எல்லாருக்கும் சமமாக அல்லவா கொடுத்திருக்க வேண்டும், முட்டி மோதிப் பெற்றுக்கொள்வது என் வேலையா என்று சிறுவன் திருப்பிக் கேட்டானாம். பின்னாளில் முதலமைச்சர் செய்தது அனைத்தும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உரியது, முண்டியடிக்கத் தெரியாத பிள்ளையின் கைக்கும் வந்து சேர வேண்டும்.

பள்ளியை விட்ட சிறுவன்

வட்டிப் பணத்தில் குடும்பம் எத்தனை நாள் நடக்கும்? பன்னிரண்டு வயதை எட்டும்போது அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். துணியை விரித்துக் காட்டுவதும், மடித்து வைப்பதும், கணக்குப் பார்ப்பதும் அவருடைய வேலையாயின. புத்தகப் பை தொங்க வேண்டிய தோளில் குடும்பப் பாரம் ஏறியது.

தோழிகளே, அந்தச் சிறுவனை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. தாய்க்கு அவன்மேல் அன்பு குறைவில்லை; மாமனும் உறவினரே. நல்லவர்கள் சூழ்ந்திருந்த வீட்டிலேயே ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது. வறுமை வந்தால் முதலில் கைவிடப்படுவது பிள்ளையின் புத்தகம்தான் என்பதை அவர் தம் உடம்பால் அறிந்தார்.

கடையில் இருந்தபடியே செய்தித்தாள்களைப் படித்தார். பொதுக்கூட்டங்களுக்குச் சென்றார். 1919ஆம் ஆண்டு ஜாலியன்வாலா பாக்கில் நடந்த படுகொலைச் செய்தி அவர் நெஞ்சைச் சுட்டது. பிள்ளை அரசியலில் இறங்குவதைக் கண்டு அஞ்சிய குடும்பத்தார் அவரைத் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கும் அவர் மனம் மாறவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924ஆம் ஆண்டு நடந்த வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்.

சிறைச்சாலையே கல்விச்சாலை

1930ஆம் ஆண்டு ராஜாஜி தலைமையில் நடந்த வேதாரண்ய உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். கல்கத்தாவின் அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, காந்தி - இர்வின் ஒப்பந்தத்தின் பின் 1931இல் விடுதலையானார். 1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது மறுபடியும் கைதாகி, 1945 வரை சிறையில் இருந்தார். எல்லாச் சிறைவாசங்களையும் கூட்டினால் ஒன்பது ஆண்டுகளை நெருங்கும்.

பள்ளி தர முடியாததை அந்தச் சிறைகளில் அவர் தேடிக்கொண்டார். நூல்களைப் படித்தார், ஆங்கிலம் பயின்றார். 1941ஆம் ஆண்டு அவர் சிறையில் இருக்கும்போதே நம் ஊர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் நேரே நகராட்சிக்குச் சென்று, பதவியை ஏற்று உடனே ராஜினாமா செய்தார். வேலையை முழுமையாகச் செய்ய முடியாதவன் பதவியில் உட்காரக் கூடாது என்பது அவர் கொள்கை.

முதலமைச்சர் ஆனார்

1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்று வந்தது. அதன்படி கிராமப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பார்கள். மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்பார்கள். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்க இது வழி என்று அரசு கருதியது. தகப்பன் தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடும் குலக்கல்வி இது என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. தம்மோடு தலைமைக்குப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே கல்வி அமைச்சராக்கிக்கொண்டார்.

பாதி நாள் வேலை என்பது நாளடைவில் முழு நாள் வேலையாகிவிடும் என்பது துணிக்கடையில் நின்ற சிறுவனுக்குத் தெரியாதா?

ரயில்வே கேட்டில் ஒரு கேள்வி

காமராஜர் அடிக்கடி காரில் சுற்றுப்பயணம் செய்வார். ஒருமுறை நெல்லைச் சீமையில், மூடியிருந்த ரயில்வே கேட் ஒன்றின் அருகே அவருடைய கார் நின்றது. பக்கத்தில் சில சிறுவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிச் சென்று ஒரு சிறுவனிடம், பள்ளிக்குப் போகவில்லையா என்று கேட்டார். பள்ளிக்குப் போனால் சாப்பாடு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டான். சாப்பாடு தந்தால் படிப்பாயா என்று இவர் கேட்க, படிப்பேன் என்றான் அவன். மதிய உணவுத் திட்டம் அங்கேதான் அவர் மனத்தில் கருக்கொண்டது என்று பெரியோர் கூறுவர்.

இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இதில் நான் இம்முறை கண்டது வேறொன்று. மாநிலத்தின் முதலமைச்சர், மாடு மேய்க்கும் சிறுவனிடம் காரணம் கேட்டார். படிக்காமல் திரிகிறாயே என்று அவனைத் திட்டவில்லை. அவன் தகப்பனையும் பழிக்கவில்லை. அவன் சொன்ன விடையை உண்மை என்று ஏற்றுக்கொண்டார். கோப்புகளில் கிடைக்காத விடை ஒரு சிறுவனின் வாயிலிருந்து கிடைத்தது.

நம் ஆண்டவரும் திரளான மக்களுக்கு உணவளித்தபோது, ஒரு சிறுவனிடமிருந்த ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் அல்லவா பெற்றுக்கொண்டார்? பெரியவர்கள் வழி தெரியாமல் நின்ற இடத்தில் ஒரு சிறுவனின் கைப்பொருள் பயன்பட்டது.

மதிய உணவு

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பது முற்றிலும் புதிய எண்ணமன்று. 1920ஆம் ஆண்டிலேயே, சர் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதனைத் தொடங்கியிருந்தது. அதை நகரத்திலிருந்து பட்டிதொட்டிகளுக்குக் கொண்டுசென்றவர் காமராஜர். 1956ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் அவரே இதனைத் தொடங்கி வைத்தார். பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கியவர்களிடம், வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு ஊர் ஊராகச் சென்று பிச்சை எடுக்கவும் தாம் தயார் என்று கூறினாராம்.

அரசு ஒரு பங்கு கொடுத்தது; ஊர் மக்கள் ஒரு பங்கு கொடுத்தார்கள். அறுவடைக் காலத்தில் நெல்லும் தானியமும் பள்ளிக்கு வந்தன. க்ஷத்திரிய வித்யாசாலையின் பிடி அரிசி இப்போது மாநிலத்துக்கே சட்டியானது. 1961ஆம் ஆண்டு முதல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் தந்து உதவியது.

தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினார்

பசி ஒன்றே தடையன்று என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஒரு பிள்ளை பள்ளிக்கு வராததற்கு எத்தனை காரணங்கள் உண்டோ, அத்தனையையும் தேடித் தேடி நீக்கினார்.

முதலாவது, தூரம். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்துப் பள்ளிகள் திறக்கப்பட்டன. சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் தோன்றின. இதனால் பிள்ளைகளுக்குப் படிப்பும், படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்தன.

இரண்டாவது, வெட்கம். கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளை நல்ல சட்டை போட்ட பிள்ளையின் பக்கத்தில் உட்காரக் கூசுகிறது. 1960ஆம் ஆண்டு முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கப்பட்டது. நாம் காலையில் இஸ்திரி போட்டு அணியும் சீருடைக்குள் இப்படி ஒரு கருணை மறைந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சம்பளம். அந்நாளில் உயர்நிலைப் பள்ளியில் மாதந்தோறும் சம்பளம் கட்ட வேண்டும். கட்ட முடியாத பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். 1960இல் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளம் நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளியிறுதி வகுப்பு வரை எல்லாருக்கும் இலவசக் கல்வி என்ற நிலை வந்தது.

நான்காவது, பள்ளியின் நிலை. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர்தோறும் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் கடிகாரமும் நிலமும் கொண்டுவந்து குவித்தார்கள். காமராஜர் பல மாநாடுகளுக்கு நேரில் சென்றார்.

1959ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளை வெளியிட்டது. பத்துக் கொள்கைகள் கொண்ட அந்த அறிக்கையில் இலவசமான, கட்டாயமான தொடக்கக் கல்வியும் போதிய உணவும் குழந்தையின் உரிமைகளாகக் குறிக்கப்பட்டன. உலகம் காகிதத்தில் எழுதிய அதே ஆண்டுகளில், நம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அது சோறாகவும் சட்டையாகவும் பரிமாறப்பட்டது.

அவர் காலத்தில் வைகை அணை கட்டப்பட்டது. தொழிற்பேட்டைகளும் பெரிய ஆலைகளும் தோன்றின. அவற்றைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

எட்டாமற்போன கை

இத்தனையும் எழுதிய பின் பேனாவை மூடிவிட்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால், காமராஜர் வீட்டிலிருந்து பதினைந்து மைல் தொலைவில் சிவகாசி இருக்கிறது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி ஆலை வைத்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமிக்கு அது ஒரு வரப்பிரசாதம். பின்னர் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. குட்டி ஜப்பான் என்று ஊர் பெயர் பெற்றது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது. ஆயினும் அந்த வேலையில் பெரும்பகுதி கைவேலை. எத்தனை கட்டை குச்சி அடுக்கினால் அத்தனைக்குக் கூலி. குழந்தையின் விரலும் அடுக்கும், அதற்குக் குறைந்த கூலி போதும் என்பதால், பிள்ளைகளும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம்.

சட்டம் இல்லாமலில்லை. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசுப் பட்டறைகளில் வைக்கக்கூடாதென்று 1938ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வயதைப் பதினான்காக உயர்த்தியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பிள்ளைகள் பட்டறையில் இருந்தார்கள்.

என் அம்மாச்சி அந்தப் பிள்ளைகளில் ஒருவர். காமராஜர் ஆட்சியின் கடைசி நாள்களில் அவர் பள்ளியில் சேர்ந்தார். மதியம் அலுமினியத் தட்டில் விழுந்த மக்காச்சோள உப்புமாவின் மணத்தை இன்றும் சொல்வார். அதற்காகவே ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லையாம். நான்காம் வகுப்பில் இருக்கும்போது அவருடைய அப்பா நோயில் விழுந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்த பெண் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதென்றும், தம்பி படிப்பதென்றும் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். விடியுமுன் எழுந்து, தூக்குச் சட்டியில் கஞ்சியோடு, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். திரும்பும்போது இருட்டிவிடும். எவ்வளவு கழுவினாலும் விரல்களில் மருந்து வாடை போகாது என்பார்.

அம்மாச்சி யாரையும் குறை சொல்வதில்லை. அந்தக் கூலியில்தான் தம்பி படித்து வாத்தியாரானார் என்று பெருமையாகவே சொல்வார். நான்தான் ஒருநாள், உங்களுக்குப் படிக்க ஆசையா என்று யாராவது கேட்டார்களா அம்மாச்சி என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னார். ரயில்வே கேட்டில் அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த கேள்வி என் அம்மாச்சிக்குக் கிடைக்கவில்லை.

இதனால் காமராஜரின் புகழ் குறையாது. மதிய உணவு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும். அப்பாவின் நோயும், கடனும், பெண்தானே என்ற எண்ணமும் சேர்ந்து இழுக்கும்போது ஒரு வேளை உணவால் மட்டும் பிடித்து வைக்க முடியாது. இதை எழுதாமல் விட்டால் அவருடைய வேலை முடிந்துவிட்டதாக ஆகிவிடும்.

இறுதி நாள்கள்

கட்சிப் பணிக்காக மூத்த தலைவர்கள் பதவி துறக்க வேண்டும் என்று காமராஜர் ஒரு திட்டம் கூறினார். அதன்படி 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, நேருஜி மறைந்த பின் லால்பகதூர் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராவதற்குத் துணை நின்றார்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக விளங்கிய ஓர் இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மக்கள் தீர்ப்பை அமைதியாக ஏற்றுக்கொண்டார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, சென்னையில் உயிர் நீத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடில்லை, சேர்த்து வைத்த பணமில்லை. 1976ஆம் ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதை அளித்தது. அவர் பிறந்த சிறிய வீடு நினைவு இல்லமாக நம் ஊரில் நிற்கிறது.

அவருக்குப் பின்

அவர் ஏற்றிய விளக்கைப் பலர் ஏந்தினார்கள். 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வைக்கக் கூடாதெனத் தடுத்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக 1988 முதல் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி பெறுவது சட்டப்படியான உரிமையாயிற்று. 2016இல் சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டு, ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது வரை தடை வந்தது.

1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டென்றும், பெரியவர்கள் அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென்றும் கூறுகிறது. குமரி மாவட்டத்தில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய குழந்தைகள் பாராளுமன்றங்களில், நம் வயதுப் பிள்ளைகள் கூடித் தங்கள் தெருவின் குறைகளைப் பேசுகிறார்கள். ரயில்வே கேட்டில் கேட்கப்பட்ட கேள்விதான் இன்று சட்டமாகவும் சபையாகவும் வளர்ந்திருக்கிறது.

அன்றிருந்ததுபோல் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக ஆலைக்குப் போகும் காட்சி இன்று மறைந்துவிட்டது. ஆனாலும் பட்டாசு ஆலை வெடிவிபத்து என்னும் செய்தி இல்லாத ஆண்டு இல்லை. ஒவ்வொரு விபத்திலும் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்த வீட்டில் மூத்த பெண்ணின் புத்தகம் என்ன ஆகும் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

முடிவுரை

பெற்றோர்களே, வீட்டில் நெருக்கடி வரும்போது எங்கள் படிப்பைப் பற்றி முடிவெடுக்குமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அருட்சகோதரிகளே, நீண்ட நாள் வராத மாணவியின் வீட்டுப் படியேறி நீங்கள் காரணம் கேட்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தப் பணியில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோழிகளே, பக்கத்துப் பெஞ்சு மூன்று நாள் காலியாக இருந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். சென்று விசாரியுங்கள்; ஆசிரியையிடம் சொல்லுங்கள். துன்பத்திலிருக்கும் பிள்ளைக்காக 1098 என்ற தொலைபேசி எண் இருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

என் அம்மாச்சி இப்போது என்னிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று வருகிறார். குச்சி அடுக்கிய விரலை ஒவ்வோர் எழுத்தின்மேலும் வைத்து நகர்த்துகிறார். இக்கட்டுரை அச்சாகி வந்ததும் முதலில் அவர்தான் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மெதுவாகத்தான் படிப்பார், நான் பக்கத்தில் இருப்பேன்.

ஏழைகளின் வடிவில் தம்மைக் காட்டும் இறைவன், ஒரு பிள்ளையும் புத்தகத்தை இழக்காத நாளை நம் மாவட்டத்துக்கு அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி